வாழை மூட்டில் கிடந்த மாத்திரை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை படித்தேன். அப்போதுதான் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, பல வருடம் காத்திருந்து உண்டானாள்.

அவளைப் பார்க்கப் போனபோது, சித்திரை வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரத்தது. கழுத்து வீக்கம் கூடியிருந்தது. வருடக்கணக்காக அவள் தின்றுவந்த தைராய்டு மாத்திரையை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று பட்டது. அவள் மாமியாரைத்தான் சந்தேகப்பட்டேன்.

“மாத்திரை திங்காளா அத்தை?”

“திங்காம? இந்தா, அட்டை காலி.”

கேட்பேன் என்று தெரிந்தவர் போல மடியிலிருந்து எடுத்து நீட்டினார். சந்தேகம் கூடியது.

அந்தப் பருவத்து வகுப்பில்தான் தைராய்டு பற்றிப் படித்திருந்தேன். தைராய்டு ஹார்மோன் செல்லுக்குள் போய், உட்கருவில் மரபணுவின் மேல் காத்திருக்கும் ஏற்பியோடு சேர்கிறது. சேர்ந்தால்தான் மூளையைக் கட்டும் சில மரபணுக்கள் திறக்கும். ஹார்மோன் வராவிட்டால் ஏற்பி சும்மா இருப்பதில்லை. அதே மரபணுக்களை அடைத்து வைக்கும். முதல் மாதங்களில் கருவுக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது. தாயிடமிருந்து போனால்தான் உண்டு. வகுப்பில் எல்லோரும் பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அக்காவின் கழுத்து ஞாபகம் வந்தது.

அன்று அங்கேயே தங்கினேன். விடிந்ததும் அக்கா மாத்திரையை வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், முகம் கழுவுகிறவள் போலப் புறவாசலுக்கு நடந்தாள். பின்னால் போனேன். வாழை மூட்டில், வேரோரத்து மண்ணில் துப்பினாள். திரும்பினால் அடுக்களை ஜன்னலில் அத்தை.

“ஏட்டி, நீதான இவளுக்கு இதச் சொல்லிக் குடுத்தே? படிச்சவளுக்குப் பெரியாஸ்பத்திரி மாத்திரை எளக்காரமாத்தான் இருக்கும்.”

“நானா? நீங்கன்னுல்லா நெனச்சேன்.”

அக்கா வாயைத் துடைத்தாள். “சண்ட போடாதிய. மாத்திரை தின்ன வருசமெல்லாம் தங்கல. செந்தூருக்கு நேந்த பொறவுதான் தங்குச்சு. எல விபூதி தவிர எதுவும் மருந்தா உள்ள போவாதுன்னு நேந்திருக்கேன்.”

“பிள்ளைக்கு மூளை இப்பந்தான் வளருதுக்கா. ஒன்கிட்ட இருந்து அது போவலன்னா உள்ள எல்லாம் அடைச்சிரும்.”

“நீ உள்ள போயிப் பாத்தியோ?”

பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எழுதியதைப் படித்திருந்தேன். அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பாள்.

என் படிப்புக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்றைச் செய்தேன். பூசைத் தட்டில் விபூதி மடித்திருந்த திருச்செந்தூர் பன்னீர் இலையைப் பிரித்து, விபூதியை அவள் நெற்றியில் பூசினேன். வெறும் இலையில் வேறொரு மாத்திரையை வைத்து நீட்டினேன்.

“எலையில வாறது பிரசாதந்தான்க்கா. வேண்டாம்னு சொல்லுவியா?”

இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு வாங்கி விழுங்கினாள்.

“நாக்கத் தூக்கு.”

“நல்லாத் தூக்கச் சொல்லு,” என்றார் அத்தை.

“ஏட்டி, போலீஸ் படிப்பா படிக்கே?” என்று கேட்டுவிட்டுத் தூக்கினாள்.

அதன்பின் பிரசவம் வரை பன்னீர் இலையில்தான் மாத்திரை. தினமும் அத்தை நாக்கைப் பார்த்தார். விடுமுறைக்கு விடுமுறை நான் போய், அத்தை சரியாகப் பார்க்கிறாரா என்று பார்த்தேன்.

மகன் பிறந்தான். எவ்வளவு காலம் துப்பினாள் என்பதை அக்கா எங்களிடம் சொல்லவே இல்லை. அதனால் அவன் அழுதாலும் சந்தேகம், அழாவிட்டாலும் சந்தேகம். சாவிக்கொத்தைக் குலுக்குவேன், கண் திரும்புகிறதா என்று பார்ப்பேன். “எம் பிள்ளைக்கு என்னட்டி பரீட்ச வைக்கே?” என்பாள் அக்கா.

ஒரு நாள் மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கையைக் கைநீட்டிக் காட்டி, “காக்கா” என்றான். அக்கா அவனை அள்ளிக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன்.

“இன்னொரு மட்டம் சொல்லச் சொல்லு,” என்றார் அத்தை.