நடுரோட்டில் ஒரு கிணறு

போன புதன்கிழமை வீடு வாங்கினேன். வாழ்த்துச் சொல்லக் கார்டு எடுக்காதீர்கள். நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு, வாழ்த்து யாருக்குப் போகவேண்டுமோ அவருக்கு அனுப்புங்கள்!

வீடு கணியம்பாடியைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஓடு வேய்ந்த நாலு அறை, பக்கத்தில் ஒரு கிணறு. உண்மையைச் சொன்னால் நான் வாங்கியது கிணற்றைத்தான். வீடு அதோடு சேர்ந்து வந்தது. என் மனைவி சரோஜா ஒன்பது வருஷமாக வாடகை வீட்டுக்குக் கால் மைல் நடந்து தண்ணீர் சுமந்தவள். இந்தக் கோடையில் குடத்தை ‘ணங்’கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: “கெணறு இல்லாத வூட்டுல இனிமே என்னால குடித்தனம் பண்ண முடியாதுங்க.”

அதற்கு மேல் என்ன பேச்சு?

வீட்டை விற்றவர் ஜுலேகாம்மா. கணவர் தோல் வியாபாரி, காலமாகிவிட்டார். இனி வாணியம்பாடியில் மகனோடு போய் இருக்கப் போகிறார்.

பத்திரப் பதிவு நாளில் என்னவெல்லாம் நடக்கும் என்று வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவீர்கள். சாட்சிக்காரர்கள் இரண்டு பேருக்கும் காபி உங்கள் செலவு. உங்கள் பேனாவை யாராவது ‘ஒரு நிமிஷம்’ என்று வாங்குவார் — அதோடு அதை மறந்துவிடுங்கள். விற்பவரின் கட்டைவிரல் மை எப்படியோ உங்கள் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேரும். ரிஜிஸ்திரார் விற்பவரை நிமிர்ந்து பார்த்து, சம்மதம்தானா என்று கேட்பார். பத்திரம் அன்றைக்கே கைக்கு வராது, ரசீதுதான் வரும். ஆனால் சாவி அன்றைக்கே வந்தாக வேண்டும். அதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வில்லங்கம் பார்த்தாயிற்று. வரி ரசீது வாங்கியாயிற்று. பத்திரத்தின் நகலை மூன்று தடவை படித்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன், ஒரு காரியத்தில் இறங்கினால் குறை வைப்பேனா?

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். பதினொன்றே காலுக்குப் பத்திரம் எழுதும் நாதமுனி, ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டுவது வழக்கம். அதை யாரும் காதில் வாங்காமல் இருப்பதும் வழக்கம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“...கிழக்கில் ரோடு, மேற்கில் ஓடை, தெற்கில் பால்காரர் வீடு, வடக்கில் இதைச் சேர்ந்த கிணறும் அதையடுத்து முருகேசன் நிலமும்...”

“நிறுத்துங்க.” பர்தாவுக்குள்ளிருந்து ஜுலேகாம்மாவின் குரல். “மேற்கால ஓடையா? இன்னாங்க எழுதி வெச்சிருக்கீங்க?”

நாதமுனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மலைப்பக்கம் ஓடைன்னு வாத்தியார்தாம்மா சொன்னாரு. மலைன்னா மேற்குதானே?”

“அது உங்க கண்ணமங்கலத்துக்கு. எங்க வூட்டுக்கு மலை தெக்கால இருக்குது.”

நான் இடையில் புகுந்தேன். புகாமல் இருந்திருக்கலாம். “ஜுலேகாம்மா, நானே மூணு தடவ படிச்சிட்டேங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கும். ராகு காலம் வந்துடும், கையெழுத்தப் போடுங்க.”

“வாத்தியாரே, இருவத்திரெண்டு வருஷமா அந்த வூட்டுல அஞ்சு வேளையும் மேற்க பார்த்துத் தொழுவுறேன். ஜன்னல்ல எனக்குத் தெரியறது கெணறுங்க, ஓடை இல்ல.”

கூட வந்திருந்த சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

தப்பு எங்கே நடந்தது? பழைய பத்திரத்தில் எல்லைக்குச் சொல்லியிருந்த ஆட்களெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் எல்லைகளை நானே புதிதாகச் சொன்னேன். எங்கள் அடிவாரத்தில் யாரும் கிழக்கு, மேற்கு என்று பேசுவதில்லை. மலைப்பக்கம், ரோட்டுப்பக்கம் — அவ்வளவுதான். நானும் அப்படியே சொன்னேன். நாதமுனி ஊரில் மலை மேற்கே. மலைப்பக்கத்தை மேற்கு என்று எழுதி, மீதி மூன்றையும் அதற்கேற்றபடி திருப்பி வைத்துவிட்டார். வீட்டுக்கு மேற்கே இருக்கும் என் கிணறு, பத்திரத்தில் வடக்கே போய்விட்டது. வடக்கே இருப்பதோ ரோடு! அதாவது, நான் சட்டப்படி வாங்க இருந்த கிணறு நடுரோட்டில் இருந்தது.

நிஜக் கிணறு? அது எங்கள் பத்திரத்திலேயே இல்லை. அதன்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருக்கும் பக்கத்து நிலத்து முருகேசன், நாளைக்கே வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? சரோஜா மறுபடியும் குடத்தைத் தூக்கியிருப்பாள்.

ஜுலேகாம்மா பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நன்றிதான் அதிகமாக இருந்தது.

நாதமுனி நாலு திசையையும் அடித்துத் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையெழுத்து, கடைசியில் அதற்கொரு குறிப்பு... எல்லாம் முடிந்து எங்களைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டரை. நல்ல ராகு காலம். நான் தயங்கினேன்.

“கெணறு பத்திரத்துல வந்துடுச்சில்ல? ராகு இன்னா பண்ணும்? உள்ள நடங்க” என்றாள் சரோஜா.

சாயங்காலம் வீட்டைத் திறந்து, ஜுலேகாம்மாவே சாவியைச் சரோஜா கையில் கொடுத்தார். “ஐப்பசில தண்ணி கையால மொள்ளலாம்மா” என்றார். சரோஜா வீட்டுக்குள் போகவில்லை. நேரே கிணற்றுக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

நடு அறையில், கிணறு தெரியும் ஜன்னலுக்கு எதிரே, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் சிமென்ட் தரை தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. ஈரக் கையோடு வந்த சரோஜாவிடம், “கட்டில இங்க போட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“அங்க வேணாங்க” என்றாள்.

நானும் சரியென்றுவிட்டேன். பூகோள வாத்தியார் வீட்டில் மேற்கு எதுவென்று காட்ட ஓர் அடையாளமாவது இருக்கவேண்டாமா?