தயிர்க்காரருக்குத் தயிர் இல்லை

போன ஞாயிறு, பஸ்ஸுக்குள் புளித்த எருமைத் தயிர் வாசம். யாரோ காலடியில் சட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். மூக்கு முந்திக்கொண்டது... நான் பார்க்கப்போன மனிதரின் மெலிந்த கால்கள் கண்ணுக்குள் வந்து நின்றன.

மச்சான் தவராசா, என் மனைவியின் அண்ணன். பனிச்சங்கேணியில் எருமைப் பட்டி வைத்திருப்பவர். பாசிக்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் கித்துள் பாணிப் பாகு ஊற்றி வழித்து நக்குகிற தயிர் அவருடையது. நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு வரும்போது சளி போயிருந்தது — கூடவே தொடைச் சதையும். கதிரையிலிருந்து எழும்ப ஆள் கை கொடுக்க வேண்டும்.

"இந்த மாசம் முடியட்டும். அப்பா எழும்பாட்டிப் பட்டியை வித்திருவம்" என்றான் மகன்.

ஊர் சும்மா இருக்குமா? பிஸ்கட்டோடு வந்தது. மறுநாளும் பிஸ்கட்டோடு வந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு தடையையும் வைத்துவிட்டுப் போனார். மீன் கிரந்தி. முட்டை சூடு. தயிர் குளிர். நடந்தால் களைப்பு! மிச்சம் என்ன? சவ்வரிசிக் கஞ்சி. வாவியில் மீன் துள்ள, வாசலில் பால் நுரைக்க, நடுவே கட்டிலில் ஒரு மனிதர் கஞ்சியாய்க் கரைந்தார்.

கட்டாரிலிருந்து சொந்தம் ஒன்று டின் அனுப்பியது. குடலுக்கு 'நல்ல பற்றீரியா' மாத்திரையாம். அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். தயிர்ச் சட்டியை ஒளித்தோம். அறிவாளிகள்!

கிளினிக்கில் இளம் டொக்டர் கேட்டார்: "என்ன தொழில் ஐயா?"

"தயிர் விக்கிறன் பிள்ள."

"சாப்பிடுறீங்களா?"

"மனிசி விடாள்."

டொக்டர், பக்கத்தில் நின்ற மச்சானின் மனைவி பூமணி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மா, கடைக்கு அனுப்புற பற்றீரியா வீட்டில ஆகாதா? ஆனா தயிர் தனிய காலை நிமித்தாது. மூண்டு நேரமும் மீனோ, முட்டையோ, பருப்போ குடுங்க. கதிரையில இருந்து எழும்பி எழும்பி இருக்கச் சொல்லுங்க. வேலை இல்லாத காலுக்குச் சதை எதுக்கு?"

அது மாதத் தொடக்கத்தில். போன ஞாயிறு, மாதக் கடைசியில், நான் போனபோது அக்கா மச்சானின் சோற்றில் மீனாணம் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தயிர்ச் சட்டி, பகிரங்கமாக.

புறப்படும்போது பழக்கத்தில் அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன். மச்சான் தட்டிவிட்டார். தொடை நடுங்கியது. முகம் சிவந்தது. மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பிவிட்டார்!

"டேய், பட்டி கேட்டு வாறவனை வரவேணாமெண்டு சொல்லு."

படலைக் கதவு வரை தானே நடந்து வந்தார். ஒரு கையில் அந்த டின்.

"இதைக் கொண்டு போ மச்சான். பேனை, பென்சில் போட்டு வைக்க உதவும்."