மெலிந்த கத்திக்குத் தடித்த பிடி

காலை ஆறேகாலுக்கு ராசிபுரம் பேருந்து நிலையத்தில் கொல்லிமலை வண்டி நின்றுகொண்டிருந்தது. என் மனைவி சரோஜாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்தேன். பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ஒரு முழுநாள் வேலையை முடித்தவனைப் போல் அலுப்பாக இருந்தது. இனிமேல்தான் பயணமே.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவிக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் போனது காய்கறி வெட்டும் கத்தி ஒன்றுக்குப் பிடி மாற்ற. பேளுக்குறிச்சிச் சந்தையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய கத்தி. மெலிந்த தகடு, பச்சை பிளாஸ்டிக் பிடி.

போன ஆடியில் சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பியது, பேச்சும் மெதுவாகத் திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் பாதி மடங்கி நின்றுவிட்டன. அந்த ஒல்லிப் பிடி அவள் கைக்குள் நிற்காமல் சுழலும். போன மாதம் அப்படிச் சுழன்றதில் இடது உள்ளங்கையில் தையல் போடவேண்டியதாயிற்று. பிடியும் விரிசல் விட்டது. அன்றைக்கே வீட்டிலுள்ள கத்திகளையெல்லாம் பரண்மேல் போட்டேன். சமையல் ஏற்கனவே என்னுடையதாகிவிட்டிருந்தது. நாலரைக்கு எழுந்து, சமைத்து, அவளைக் குளிக்கவைத்து, அலுவலகம் போய் வந்து, மறுபடி சமைத்து. இரவிலும் அவள் எழுந்து தடுமாறுவாளோ என்று ஒரு காது விழித்தே இருக்கும்.

அவள் விடாமல் கேட்டதால் தடித்த பிடிக் கத்திகள் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அவற்றின் கனத்தை அவளால் தூக்க முடியவில்லை. "எனக்கு அந்தக் கத்திதான் வேணும். புடிய மட்டும் பெருசாக்கிக் குடுங்க," என்றாள். ராசிபுரம் கடைகளில் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் மலைக்காரி. தங்கள் ஊர்ப்பக்கம் கொல்லர் ஒருவர் இருக்கிறார், அரிவாளுக்கு எந்தத் தடிமனில் கேட்டாலும் பிடி போடுவார் என்று அவள்தான் சொன்னாள். நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன். "என் கைய ஊட்ல உட்டுட்டு, நீங்க போயி என்ன அளவு குடுப்பீங்க?" என்று கேட்டாள் சரோஜா.

எனக்கு அந்த வேலையில் மனமே இல்லை. கத்தி மறுபடி அவள் கைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தது.

காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள், பயணிகளின் மனத்தைத் தளர்த்துவதற்கென்றே எழுதியதுபோல. ஒற்றைக் கையால் முன்கம்பியைப் பிடித்துச் சமாளிக்க சரோஜாவால் முடியாது. ஒரு திருப்பத்தில் என்மேல் சரிவாள், அடுத்ததில் ஜன்னலில் மோதப் போவாள். தோளைச் சுற்றிக் கைபோட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். முப்பதைத் தாண்டியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின் இருக்கையில் இருந்த அம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கீறி நீட்டினார்.

"மோந்துக்கிட்டே வா கண்ணு. வெளிய பாக்காத."

வெளியே பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு மலையேறினோம்.

ஒன்பதரைக்கு மலைமேல் செம்மேட்டில் இறங்கினோம். காற்று சில்லென்று இருந்தது. பதினைந்து ரூபாய்த் தேநீரை ஆற்றி அவளுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, அருவிக்குங்களா?"

"இல்லீங்க. ராசிபுரத்துலருந்து வாரோம். கத்திக்குப் புடி போடணும்."

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அதுக்கா ராசிபுரத்துலருந்து வாரீங்க?" என்றார். ஆனால் கொல்லரை அவருக்குத் தெரிந்திருந்தது. குண்டூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சிற்றூர். போக நூற்றைம்பது ரூபாய் என்றார். மரவள்ளிக் காடுகளுக்கும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது.

பட்டறை, தகரக் கூரை போட்ட ஒற்றைச் சாய்ப்பு. கொல்லர் பொன்னுசாமிக்கு நாற்பது வயதிருக்கும். அரிவாளும் களைக்கொத்தும் குவிந்து கிடந்தன. கத்தியை வாங்கிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சந்தைக் கத்திங்க. இதுக்கு மெனக்கெட வேண்டாம்."

"இவளுக்குக் கை சரியில்லீங்க," என்று நான் ஆரம்பித்தேன். எப்போது வந்தது, எந்த விரல் மடங்காது, எவ்வளவு கனம் தூக்குவாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னைத் தாண்டி சரோஜாவைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

சரோஜா வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "தகடு இதேதான். புடி... பெருசா. சுத்தக் கூடாது."

பிளாஸ்டிக்கை உடைத்து எடுத்தார். பிடிக்குள் இருந்த இரும்பு ஒரு கட்டை விரல் நீளம்கூட இல்லை. இதை நம்பிப் பெரிய மரம் மாட்டினால் நாலே நாளில் கழன்றுவிடும், கம்பி வைத்துப் பற்றவைத்து நீட்ட வேண்டும் என்றார். பற்றவைக்க மின்சாரம் வேண்டும். அது காலையிலிருந்தே இல்லை.

"வெச்சிட்டுப் போங்க. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கலாம்."

எழுபது வளைவுகளையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். உள்ளுக்குள் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. "சரி, போலாமா?" என்றேன் சரோஜாவிடம்.

"நா இருக்கேன்," என்றாள். மரக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இருந்தோம். பொன்னுசாமி அரிவாள்களைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லம்மா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்தார். நான் கிழங்கைப் பிய்த்து சரோஜாவுக்கு ஊட்டப் போனேன். அவள் தட்டை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மேல்தான் மின்சாரம் வந்தது. தகட்டில் சூடு ஏறாமல் ஈரத்துணி சுற்றி, பொன்னுசாமி கம்பியைப் பற்றவைத்தார். பிறகு மரம். முதலில் செதுக்கியதை சரோஜா பிடித்துப் பார்த்தாள், விரல்கள் வழுக்கின. இரண்டாவது தடிமன் போதவில்லை. மூன்றாவதை அரத்தால் ராவிக் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க."

"இங்க... ஒரு பள்ளம்," என்று கட்டை விரல் உட்காரவேண்டிய இடத்தைக் காட்டினாள்.

"பள்ளம் எடுத்தா புடி பலம் கொறையுமுங்க."

"கொறஞ்சா... நா மறுபடி வாரேன்."

அவர் சிரித்துவிட்டார். அவள் கையையே பிடியின்மேல் வைத்து, கரித்துண்டால் கோடு போட்டு, அந்த இடத்தைக் குடைந்தார். மறுபடி பிடித்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். கத்தி அவள் கையோடு திரும்பியது.

செல்லம்மா பச்சைக் கிழங்கு ஒன்றை உரித்துப் பலகையில் வைத்தார். கிழங்கைப் பிடித்துக்கொள்ள நான் குனிந்தேன்.

"நீங்க போயி அப்படி உக்காருங்க," என்றாள் சரோஜா.

சாய்ப்பின் ஓரமிருந்த சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன், அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமல். முதல் வெட்டு கோணலாக விழுந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்தேன். கத்தி மனைவி கையில் இருக்கும்போது எப்படித் தூங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. சரோஜாவும் செல்லம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய கிழங்குத் துண்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சரோஜாவின் இடது ஆள்காட்டி விரலில் மஞ்சள் அப்பித் துணி சுற்றியிருந்தது.

"என்னை எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்பத்தாங்க போனேன். இவிங்கதான் வேண்டாம்னாங்க," என்றார் செல்லம்மா. "லேசாக் கீறுச்சு, அவ்ளோதான்."

"நீங்க தூங்கி எத்தன நாளாச்சு," என்றாள் சரோஜா. கேள்வியாகக் கேட்கவில்லை.

விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்க்கக் கை நீட்டியவன், நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

பொன்னுசாமி நூற்றிருபது ரூபாய் கேட்டார். கத்தியின் விலையைப் போல் மூன்று மடங்கு. கொடுத்தேன். கத்தியைக் காகிதத்தில் சுற்றி சரோஜா தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தைய வண்டியில் மலையிறங்கினோம். வளைவுகள் அதேதான், அவள் சரிந்ததும் அதேபோலத்தான். அலுப்பு குறைந்தபாடில்லை. ஆனால் இப்போது அதைக் களைப்பு என்று ஒத்துக்கொள்ள முடிந்தது. வண்டி காரவள்ளிக்கு வந்ததும் சமவெளியின் வெக்கை ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. மேலே குளிருக்குப் போர்த்திய சால்வையை மடித்து வைத்தேன். மலை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அருவி பார்க்கவில்லை, கோயில் பார்க்கவில்லை. ஒரு கொல்லர் வீட்டுச் சாக்கு மூட்டையில் நல்ல தூக்கம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

மறுநாள் விழித்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. சமையலறையில் கத்திச் சத்தம். ஒரு வெட்டு, நெடுநேரம் கழித்து இன்னொன்று. எழுந்து கதவு வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "குளிச்சிட்டு வாங்க," என்றாள்.

அன்றைய சாம்பாரில் கத்தரிக்காய் ஒரு பக்கம் முழுசாகவும் ஒரு பக்கம் கூழாகவும் கிடந்தது. சோறு இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அலுவலகத்துக்கு அன்று தாமதம்.