ஆணி அடித்த சுத்தியல்

கம்மல்காரம்மாவின் சுத்தியலால் யாரோ ஆணி அடித்துவிட்டார்கள். 'சுத்தியல் வேறு எதற்காம்?' என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் தயவுசெய்து அதை அவள் முன்னால் போய்க் கேட்டுவிட வேண்டாம். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

காலையில்தான் அவளுக்கே தெரிந்தது. செம்புத் தகட்டிலிருந்து வட்டமாக அறுத்த இரண்டு வில்லைகளை ஓரம் அராவி, நெருப்பில் சிவக்கக் காட்டி, தண்ணீரில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். அப்படிச் செய்தால் செம்பு முரண்டு பிடிக்காது. ஒரு வில்லையை இரும்புக் கட்டைமேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பளபளப்பு விழ வேண்டும். அன்றைக்கு ஒவ்வொரு பளபளப்பின் நடுவிலும் ஒரு பரு எழுந்தது.

தூசியாக இருக்கும் என்று துடைத்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி பரு. சுத்தியலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி மாதிரி இருந்த அதன் முகத்தில் பிறை வடிவத்தில் ஒரு குழி, பக்கத்தில் இன்னொன்று. சுத்தியலில் குழி இருந்தால் செம்பில் மேடு விழும். இனி அவள் எத்தனை கம்மல் தட்டினாலும் அத்தனையிலும் அந்தப் பரு வரும்.

அது என்ன பெரிய சுத்தியல் என்பீர்கள். சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்பி பற்றவைக்கும் வேலை பார்த்தவள். கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது. கைக்குழந்தையும் கையுமாக வீட்டில் உட்கார்ந்தவள், மகள் தூங்கும் நேரத்தில் கழிவுச் செம்புக் கம்பியை வளைத்து ஒரு ஜோடி வளையம் செய்து காதில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்" என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம். அப்புறம் தகடு அறுக்கக் கற்றாள், குழிக்கட்டையில் வைத்துக் கிண்ணமாகத் தட்டக் கற்றாள், வெண்காரம் தடவி வெள்ளி பற்றவைக்கக் கற்றாள். கற்றாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். உருகிக் கட்டியாகிப்போன வெள்ளிக்கும் கையில் பட்ட சூட்டுக்கும் அவள்தான் சாட்சி.

வீட்டில் ஓரமாக ஓர் அறை, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற இடம். அதை அவள்தான் காலி செய்தாள், அவள்தான் வெள்ளையடித்தாள். பழைய பெயின்ட்டில் ஒட்டிப்போயிருந்த ஜன்னலை உளி வைத்து நெம்பித் திறந்தவளும் அவள்தான். வெளிச்சம் வந்தது, காற்று வந்தது, மேஜை வந்தது. தெருவில் அவளுக்குக் கம்மல்காரம்மா என்று பெயரும் வந்தது. வீட்டில் மட்டும் அதற்குப் பெயர் 'டிக் டிக்'. "அம்மா டிக் டிக்ல இருக்கா" என்பாள் மகள். "உன் டிக் டிக்க நிறுத்திட்டு சாப்பாடு போடு" என்பான் கணவன். அந்த வீட்டு அரிசியில் பாதி அந்த டிக் டிக்கில் வந்ததுதான். சாப்பிடும்போது அது யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

சுத்தியலைப் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த கோலத்தில் வாங்கினாள். கரடு உப்புத்தாளில் தொடங்கி, அடுத்தடுத்து நைசான தாளாக மாற்றி, கடைசியில் தன் கண்ணிமை தெரியும்வரை அதன் முகத்தைத் தேய்த்தாள். கணவனின் பழைய பனியனில் சுற்றித்தான் வைப்பாள். ஆணி அடிக்க வீட்டுச் சுத்தியல் ஒன்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இதைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்திருக்கிறது.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வெளியே வந்தாள். மகள் கல்லூரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என் சுத்தியல எடுத்தியா?"

"நானா? எடுத்தா என்னை உயிரோட விடுவியா நீ? அப்பாவக் கேளு." சொல்லிவிட்டுச் சீப்பையே பார்த்தாள்.

கணவனுக்கு அன்று வார விடுமுறை. செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான். பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிற ஆள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். வீட்டுச் சுத்தியல் தலை ஆடுது. நாலு ஆணிதானே அடிச்சேன்? சுத்தியல் தேஞ்சா போச்சு?"

"எங்க அடிச்சீங்க?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"அங்க... படிக்குக் கீழ."

மாடிக்குப் போகும் மரப்படிக்கட்டுக்கு அடியில் துடைப்பமும் பழைய பெட்டிகளும் கிடக்கும். அவள் போய்ப் பார்த்தாள். பெட்டிகளைக் காணோம். தரை கூட்டி, துடைத்து, பளிச்சென்று இருந்தது. சுவரில் கான்கிரீட் ஆணி அடித்து இரண்டு பலகை. கீழ்ப்பலகையில் அவளுடைய பழைய குறடுகள் போட்டு வைத்த டப்பா. தரையில் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம். அது அவளுடைய மேஜையின் அளவு.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கணவனின் தம்பிக்கு இந்த ஊருக்கு மாற்றல் வருவதாக ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. தம்பிக்கு மனைவி உண்டு, குழந்தை உண்டு, அறை வேண்டும். அறை எங்கே இருக்கிறது? ஜன்னல் உள்ள இடத்தில் இருக்கிறது. வெளியே தள்ள ஆள் யார்? இருக்கவே இருக்கிறாள் கிள்ளுக்கீரை.

பின்னாலேயே கணவன் வந்து நின்றான்.

"கோவப்படாத. உங்கிட்டப் பேசலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஆணி அடிச்சதுக்கப்புறமா?"

"தம்பி எங்க போவான்? நீ எங்க வேணா உக்காந்து தட்டலாமே."

அடிமடியிலேயே கை வைத்தாயிற்று.

"எங்க வேணாவா? மரப்படிக்குக் கீழ நெருப்பு வெக்கவா? புகை எங்க போகும், என் மூக்குக்குள்ளயா? செம்பு சிவக்கறதப் பாக்க வேணா இந்த இருட்டு நல்லாருக்கும். மத்ததெல்லாம்? என் மேஜைய அளந்திருக்கீங்க. நான் இல்லாத நேரம் பாத்து, எனக்குத் தெரியாம அளந்திருக்கீங்க. என்னை வெளிய தள்ள என் சுத்தியலே கெடச்சுதா உங்களுக்கு?"

அவன் சாக்பீஸ் கோட்டைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"கவுன்ட்டர்ல உங்க பேனாவுக்கு நூல் கட்டி வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"அது... ஆளாளுக்கு எடுத்து எழுதினா முள்ளு கெட்டுப்போயிடும்."

"ம். பேனா கெட்டுப்போகும்னு மட்டும் தெரியுது."

அவள் விறுவிறுவென்று அறைக்குப் போனாள். சுத்தியலும் ஒரு கத்தை உப்புத்தாளும் ஒரு முக்காலியும் கொண்டுவந்தாள். முக்காலியைச் சாக்பீஸ் கோட்டுக்குள் போட்டாள்.

"உக்காருங்க. இந்தக் குழி போற வரைக்கும் தேயுங்க. கரடுல ஆரம்பிச்சு, ஒரு கோடுகூட இல்லாம."

இவ்வளவோடு விட்டாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் நிம்மதி. குனிந்து உள்ளே போகையில் படியின் விளிம்பில் நெற்றியை 'ணங்' என்று இடித்துக்கொண்டான். சத்தம் காட்டாமல் தடவிக்கொண்டு உட்கார்ந்தான்.

தேய்த்தான். அவள் ஜன்னலடியில் போய் உட்கார்ந்து கொக்கி வளைத்தாள். வளைத்த முதல் ஜோடியில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் கழிவு டப்பாவில் வீசினாள். படிக்கு அடியிலிருந்து சரக் சரக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நடுவில் இருமல் வந்தது. சத்தம் நின்றது, மறுபடி கேட்டது, மறுபடி நின்றது. மகள் போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். அம்மா பார்த்த பார்வையில் விளக்கை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கிளம்பினாள்.

"ஏம்மா," என்று கடைசியில் கூப்பிட்டான் கணவன். "இங்க ஒரே இருட்டா இருக்கு. கோடு போச்சா போகலையான்னே தெரியல. இந்தத் தூசி வேற மூச்ச முட்டுது. அங்க ஜன்னல்கிட்ட வந்து தேய்க்கட்டுமா?"

அவள் எழுந்து வந்து படிக்கட்டின் எதிரில் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே ஒருமுறை கேட்டான் போலிருக்கிறது. பலகையைப் பார்த்தான். தரையில் கிடந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். மடியில் சுத்தியல் கனத்தது.

"தம்பிகிட்ட வேற எடம் பாக்கச் சொல்லி இப்பவே பேசிடறேன்," என்று எழப்போனான்.

"பேசுங்க," என்றாள் அவள். "மொதல்ல அதத் தேச்சு முடிங்க. இங்கயே உக்காந்து."