மசால் தோசையாக மடிந்த நிலம்

ட்ரோனில் நிலத்தைப் படம் எடுத்து வரைபடம் செய்து தரும் எங்கள் மைசூர் கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர்: நானும் என் மனைவியும். முதலாளி யார் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பார்த்தாலே தெரிகிறதாம்.

விஜயதசமிக்கு மறுநாள், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்துக்குப் போனோம். மழைத்தண்ணீரைப் பிடிக்க அவர் குட்டை வெட்டப் போகிறார். பள்ளம் எங்கே என்று சாயங்காலத்துக்குள் நாங்கள் சொல்ல வேண்டும்.

"காலைல ஜேசிபி வந்துருமுங்க. தப்பான எடத்துல வெட்டினா தண்ணி பக்கத்துக் காட்டுக்காரருக்குத்தான் போவும்" என்றார்.

ட்ரோன் சமர்த்தாகப் பறந்து இறங்கியது. மோட்டார் ரூமில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு படத்தில் இருக்கும் கல்லும் புதரும் அடுத்த படத்தில் எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் தேடும். அந்தப் பொதுப் புள்ளிகளை வைத்துப் படங்களைக் கோக்கும். அன்று அது கோத்ததில் நிலம் மசால் தோசையாக மடிந்து கிடந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், புள்ளிகளைக் கூட்டுவது. கூட்டினேன். தோசை இன்னொரு மடிப்பு மடிந்தது. புள்ளிகளுக்கு வரம்பே வேண்டாம் என்று வரம்புக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்; பூஜ்யம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். லேப்டாப் விசிறி ட்ரோனைவிடப் பலமாகச் சுற்றியதுதான் மிச்சம். விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு, தன் நிலம் இவ்வளவு கோணலா என்று மரியாதையாகக் கேட்டார்.

மனைவி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னாள். எல்லாவற்றிலும் ஒரே மூலையில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

"ரீ, ஸ்வல்பா, கொஞ்சம் நிறுத்துங்க. இது நம்ம சாமந்திப் பூ தானே?" என்றாள். அவசரத்தில் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

ஆயுத பூஜையன்று ட்ரோனின் காலில் அவள் இறுக்கிக் கட்டிய பூ. கிளம்பும்போது அவிழ்க்கப் போனவளிடம், பூஜைப் பூவை நாமாக எடுக்கக் கூடாது, தானாக விழட்டும் என்று சாஸ்திரம் பேசியது நான்தான். நிலம் நகர்ந்துகொண்டே இருக்க, பூ மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில். அதை நம்பிய மென்பொருள், கேமரா நகரவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. நான் புள்ளிகளைக் கூட்டக் கூட்ட, அது பூவில் இன்னும் நாலு இதழைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அசையாத புள்ளிகளை ஒதுக்க ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டு, வரம்பைப் பழையபடி குறைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் நிலம் பதவிசாக விரிந்தது. கிழக்கு மூலையில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் ஜேசிபி அங்கேதான் இறங்கியது.

ஐப்பசி மழை நின்றதும் விவசாயி ஒரு போட்டோ அனுப்பினார். தளும்பும் குட்டையில் அவருடைய எருமை, பக்கத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் அவர். இருவரில் யாருக்கு சந்தோஷம் அதிகம் என்று நானும் மனைவியும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். முடிவுக்கு வர முடியவில்லை.