வியாழக்கிழமைப் பேருந்தில் இரண்டு அந்நியர்கள்

என் தாய்மாமா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அத்தை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணிகளை எண்ணி வாங்கும் வேலையில் இருந்தார். திருமணத்தின்போது மாமாவுக்கு இருபத்தேழு வயது, அத்தைக்கு இருபத்து நான்கு. ஒரே மகள், படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். குடும்பத்தில் மாமாவுக்கு 'ஏத்தி இறக்கி' என்று பட்டப்பெயர்.

திருமணமான பதினான்காம் ஆண்டில் இருவருக்கும் ஒரு சண்டை. காரணம் பின்னர் இருவருக்குமே நினைவில்லை. நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை மாலை, மாமா ஏறிய பேருந்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து இடம் மட்டுமே காலி.

"இங்க யாராவது வர்றாங்களாம்மா?"

"இல்ல, உக்காருங்க. பேச்சு மட்டும் குடுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் பொல்லாதவர்."

"தங்கமான மனுஷன்னு கேள்விப்பட்டேனே."

"அவரே சொல்லியிருப்பாரு."

அன்றுமுதல் வியாழன்தோறும் இது நடந்தது. வீட்டுக் கதவு திறக்கும்வரை ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. மற்ற நாள்களில் தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்பதற்கு மேல் பேசாதவர்கள், அந்த அரை மணி நேரம் புதிதாக விசாரித்துக்கொண்டார்கள். அத்தை முகம் கழுவித் தலையைத் திருத்தி வாரிக்கொண்டுதான் ஏறுவார். மாமா கைகளில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அத்தையின் நடிப்பு மெருகேறியது. மாமாவின் பெயரை இரண்டு முறை கேட்டார். வேலையைச் சொன்னதும், "எங்க வீட்டுக்காரரும் அதே வேலைதான்" என்று வியந்தார். மாமா என் அம்மாவிடம் வந்து பெருமையடித்தார்.

"அக்கா, இவ நாடகத்துல சேர்ந்திருந்தா என்னைக்கோ பேர் வாங்கியிருப்பா."

"தலை நரைச்சும் கொஞ்சல் குறையல. போடா, ஏத்தி இறக்கி!"

வீட்டில் அத்தையின் பேச்சு குறைந்ததற்கும் அடிக்கடி சாவியைத் தேடியதற்கும் வயதே காரணம் என்று மாமா நினைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின.

ஒரு வியாழன், அத்தை கதவைத் திறந்து உள்ளே போனவர், வாசலை மறித்து நின்றார்.

"துணைக்கு வந்தீங்க, சந்தோஷம். இதுக்கு மேல வேண்டாம், அண்ணே. அவர் வர்ற நேரம்."

கதவு தாழிடப்பட்டது. மாமா சிரித்துக்கொண்டே தட்டினார்.

"போதும்டி. கதவு திறந்தாச்சு, ஆட்டம் முடிஞ்சுது."

"போகலைன்னா ஆளைக் கூப்பிடுவேன்."

குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நடிப்பில் வராது. அண்ணே என்றும் அத்தை ஒருநாளும் அவரை அழைத்ததில்லை.

என் அம்மா போய்த்தான் கதவைத் திறக்கச் செய்தார். எப்போதிலிருந்து இப்படி என்று மருத்துவர் மாமாவைக் கேட்டார். முன்பே அழைத்து வந்திருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர்.

நான் எழுதிவரும் குடும்பப் பதிவேட்டுக்காக, மறதி நோய் தொடங்கிய நாளை நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதைச் சொல்லட்டும் மாப்ளே? என் பேரைக் கேட்டாளே, அது பயந்துபோய்க் கேட்டது. நான் கை தட்டுனேன்."

மாமாவை அலட்சியக்காரர் என்று உறவில் சிலர் சொல்வதுண்டு. அதை நான் எழுதவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு அத்தையைக் கவனித்துக்கொண்டார். அத்தை அவரைக் கணவர் என்று மறுபடி அறிந்துகொள்ளவே இல்லை. அதன் பிறகு அத்தை வாழ்ந்தது நான்கு ஆண்டுகள்.