வளர்ற பிள்ளைக்குக் கூட்டியே எடு

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு அளவான துணி எடுப்பவளை ஊதாரி என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுச் சட்டையைத்தான் கேட்க வேண்டும். "வளர்ற பிள்ளை, கூட்டியே குடுங்க" என்றால் கடைக்காரருக்குப் புரியும். ஆறாம் வகுப்பில் எடுத்த சீருடைப் பாவாடையை உள்ளே மடித்துத் தைத்து, வருடா வருடம் பிரித்துவிட்டு, எட்டாம் வகுப்புவரை உடுத்தியவள் நான். துணியோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன்.

மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு என் அண்ணன் தேவாரத்திலிருந்து வந்தார். ஏலக்காய் வியாபாரி. தாய்மாமன் வெறுங்கையோடு வரலாமா? பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே அத்தனையும் திருகாணிகள், பற்சக்கரங்கள். பூட்டிச் சேர்த்தால் கிரேன் வருமாம். எட்டு வயதுக்கு மேல் என்று பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அண்ணே, இது எட்டு வயசுப் பிள்ளைக்குள்ளதுல்ல?" என்றேன்.

"கடையிலயும் அதைத்தான் சொன்னாக. வளர்ற பிள்ளை, அஞ்சு வருசம் கூட்டியே குடுங்கன்னு நாந்தான் கேட்டு வாங்குனேன். மூணு வயசுக்குள்ளதை வாங்குனா அடுத்த வருசம் குப்பைக்குத்தான் போகும்."

மகள் ஒரு சக்கரத்தை எடுத்துத் தரையில் உருட்டினாள். "அது அங்கன மாட்டுறதுத்தா" என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டார். அவள் காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டினாள். எப்படிப் பூட்டுவது என்ற படம் பெட்டியில் இருந்ததால் அவளை இறக்கிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க என் கணவரும் அண்ணனும் உட்கார்ந்து பூட்டினார்கள். ஆளுக்கு நாற்பது வயது. கிரேன் கோணிக்கொண்டு நின்றது. கடைசியில் அண்ணன் சொன்னார், "பிள்ளை கொஞ்சம் மந்தமோ? எதுலயும் நிலைச்சு உக்கார மாட்டேங்குதே." மூன்று வயதில் நிலைத்து உட்கார அது என்ன சாமி சிலையா?

இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மந்தம் என்ற சொல் எனக்குள் தைத்துவிட்டது. என் யோக்கியதை அவ்வளவுதான். அடுத்த மாதமே சின்னமனூரில் ஒரு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா பெருமையாகச் சொன்னார், "நம்ம ஸ்கூல்ல வெளாட்டுங்கிற பேச்சே கிடையாது. பிரீகேஜியிலயே எல்கேஜி பாடம், எல்கேஜியில ஒண்ணாப்புப் பாடம்." இங்கேயும் கூட்டியேதான். கேட்டுக்கொண்டிருந்த பெற்றோருக்கெல்லாம் முகம் குளிர்ந்துபோனது. அந்த அம்மாவுக்குத் தேங்காய் உடைக்காத குறை. பென்சில் பிடிக்க விரல் பழகாத பிள்ளைகள் இங்கிலீஷில் கூட்டெழுத்து எழுதின. சாயங்காலம் நானும் விடவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து இழுத்து எழுதவைத்தேன். மறுநாள் ஆபீஸில், இருபத்தாறு எழுத்தும் எழுதிவிடுகிறாள் என்று பீற்றிக்கொண்டேன். எழுதியதெல்லாம் என் கை.

பிள்ளை என்றால் எடுத்ததைப் போடும், போட்டதை எடுக்கும். தட்டைத் தட்டும், தண்ணீரைக் கொட்டும், கொட்டியதில் கையை அடித்துப் பார்க்கும். மூன்று வயதில் அதற்கு அதுதான் படிப்பு. ஆட்டுக்குட்டி துள்ளுவதை வேண்டாம் என்று எந்த ஆடும் தடுப்பதில்லை. அந்த அறிவுகூட எங்களுக்கு இல்லாமல் போயிற்று. என் மகளிடம் இதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. சமையலறைக்கு வந்தால் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தவர்கள், "தங்கமான பிள்ளை, சேட்டையே இல்ல" என்று மெச்சினார்கள். அவள் கை இனி தானாக எதையும் தொட்டுப் பார்க்குமா என்பது ஒன்றுதான் என் பயம். இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அடங்கிய பிள்ளையைப் பெற்றுவிட்டு அழுகிறவளை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எதிர்வீட்டில் பூச்சுவேலைக்குக் கொட்டியிருந்த மணலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அந்த வீட்டுப் பிள்ளை, இவளைவிடச் சின்னது, ஏற்கெனவே அதில் புரண்டுகொண்டிருந்தது. தலையெல்லாம் மண். என் மகளின் கையில் ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தேன்.

"போத்தா, வெளாடு."

அவள் மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்பிடிம்மா?"

"எப்பிடின்னா என்ன? உனக்கு என்ன தோணுதோ செய்யி."

அவள் மணல் ஓரமாகச் சம்மணம் போட்டு ஒழுங்காக உட்கார்ந்து, கொட்டாங்கச்சி பிடித்த கையை என் பக்கம் நீட்டினாள்.

"நீ கையைப் பிடிச்சுக்கம்மா. தப்பாப் போயிரும்."